ஹபனேரோ 19 நாளாகியும் முளைக்கவில்லை, விளக்கை மாற்றலாமா?

டொராண்டோவில் அடுக்குமாடி வீடு. பிப்ரவரி 1ஆம் தேதி 24 குழியுள்ள தட்டில் மிளகாய் விதை போட்டிருக்கிறீர்கள். எட்டுக் குழியில் ஹபனேரோ, எட்டில் பூத் ஜலோகியா, மீதி எட்டில் இந்தியக் கடையில் வாங்கிய முண்டு வற்றலை உடைத்து எடுத்த விதை. இன்று 19ஆம் நாள். முண்டில் ஐந்து வந்துவிட்டது, ஹபனேரோவில் ஒன்றே ஒன்று, ஜலோகியாவில் எதுவும் இல்லை. வந்த ஆறும் நூல் மாதிரி நீண்டு சன்னல் பக்கம் சாய்ந்து நிற்கின்றன. விளக்கு போதவில்லையா, பெரிதாக ஒன்று வாங்கட்டுமா, இல்லை எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி போடட்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. மண்ணுக்குள் இருக்கும் பதினெட்டு விதையும் உயிரோடு இருக்கிறதா என்பது ஒன்று. வெளியே வந்த ஆறு நாற்றைத் தேற்ற முடியுமா என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கும் விளக்குக்கும் தொடர்பே கிடையாது. இரண்டாவதுக்கு விளக்குதான் பதில், ஆனால் புதிது வாங்கத் தேவையில்லை.

எதையும் கொட்டாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், மற்றதைப் பொறுமையாகப் படிக்கலாம். நான் கோவையில் தோட்டக்கலை படித்தவன். பதினோரு வருடமாக உங்களைப் போலவே டொராண்டோவில், வீட்டுக்குள் விளக்கு வைத்து மிளகாய் நாற்று விடுகிறேன். படிப்பு சொல்லிக்கொடுத்ததையும் என் கை அனுபவத்தையும் தனித்தனியாகவே சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுக்கும் ஒரே அளவு நம்பகம் கிடையாது.

விதைக்கு வேண்டியது சூடு. செடிக்கு வேண்டியது வெளிச்சம். புதிதாகத் தொடங்குகிறவர்களில் பாதிப் பேர் இதை மாற்றிப் போட்டுக்கொள்கிறார்கள். விதை போட்ட அன்றே விளக்கை எரியவிட்டுவிட்டு, தட்டு எந்தச் சூட்டில் இருக்கிறது என்று பார்ப்பதில்லை. மிளகாய் விதை முளைக்க வெளிச்சமே வேண்டாம், கும்மிருட்டிலும் முளைக்கும். மண்ணின் வெப்பம்தான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. 25 முதல் 30 டிகிரி வரை இருந்தால் சாதாரண மிளகாய் சுமார் எட்டு நாளில் தலை காட்டும். 20 டிகிரியில் அதற்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நாள் ஆகும். 15 டிகிரிக்கு இறங்கினால் மூன்று வாரத்துக்கும் மேல். 10 டிகிரியில் முளைப்பதே இல்லை. இவை பல காலமாகச் சோதித்துப் பார்த்த எண்கள், இதில் சந்தேகம் வேண்டாம்.

நம் ஊரில் இதை யாரும் யோசிப்பதில்லை. மேட்டுப்பாத்தி போட்டு, விதையைத் தூவி, வைக்கோலால் மூடி, பூவாளியில் தண்ணீர் தெளித்தால் ஒன்பது பத்து நாளில் நாற்று நிற்கும். மண்ணே இயல்பாக 28, 30 டிகிரியில் இருப்பதால் அந்தச் சூடு நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. இங்கே வீட்டுக்குள் 21 டிகிரி வைத்திருக்கிறோம், நமக்குக் கதகதப்பாக இருக்கிறது, விதைக்கும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறோம். ஆனால் ஈர மண் ஆவியாகிக்கொண்டே இருப்பதால் அறையைவிட இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்து கிடக்கும். அதோடு நீங்கள் தட்டைப் பால்கனிக் கண்ணாடிக் கதவை ஒட்டி வைத்திருக்கிறீர்கள். வெளியே மைனஸ் பன்னிரண்டாக இருக்கும் இரவில் அந்தக் கண்ணாடி ஓரத்தில் மண் 15, 16 டிகிரிக்கு இறங்கியிருந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கூடவே காலையும் மாலையும் தண்ணீர் பீய்ச்சுகிறீர்கள். ஒவ்வொரு தடவையும் அது மண்ணை இன்னும் குளிர வைக்கிறது.

அப்படியானால் முண்டு மட்டும் எப்படி வந்தது? இனம் வேறு, அதனால்தான். முண்டு, குண்டூர், நாம் வற்றலாக வாங்கும் அநேகமாக எல்லாமே கேப்சிகம் அன்னுவம் என்ற இனம். ஹபனேரோ கேப்சிகம் சைனென்ஸ். ஜலோகியாவும் பெரும்பாலும் அதே சைனென்ஸ்தான், காந்தாரி மிளகாயின் இனமான ஃப்ரூட்டசென்ஸ் கொஞ்சம் கலந்தது. (சைனென்ஸ் என்றால் சீனத்து என்று பொருள். 1776இல் ஜாக்கின் என்ற தாவரவியலாளர் சீனாவிலிருந்து வந்ததாக நினைத்து வைத்த பெயர் அது. செடியின் பூர்வீகம் தென் அமெரிக்கா.) இந்த இனம் எப்போதுமே நிதானம். நல்ல சூட்டிலேயே இரண்டு வாரத்திலிருந்து நான்கு வாரம் எடுத்துக்கொள்ளும், சில விதைகள் ஆறு வாரம்கூட. உங்கள் தட்டு இருக்கும் குளிரில் ஜலோகியா 19 நாளில் வராதது தாமதமே இல்லை. ஒரு ஹபனேரோ வந்ததுதான் எனக்கு வியப்பு.

விதை உயிரோடு இருக்கிறதா என்று சந்தேகமாக இருந்தால் ஒரே ஒரு ஜலோகியாக் குழியை மட்டும் திறந்து பாருங்கள். பல்குத்தும் குச்சியால் மேல் மண்ணை ஓரமாக ஒதுக்கி, விதையை எடுத்து ஈர விரலில் வைத்து லேசாக அழுத்துங்கள். தட்டையாக, வெளிர் மஞ்சளாக, நகத்துக்குக் கீழே கெட்டியாக இருந்தால் அது காத்திருக்கிறது. ஓரத்தில் ஒரு இடம் சற்றே உப்பி, ஊசிமுனை அளவு வெள்ளை தெரிந்தால் வேர் கிளம்பிவிட்டது, அப்படியே திரும்பப் புதைத்துவிடுங்கள். பழுப்பேறி, அழுத்தினதும் நசுங்கி உள்ளிருந்து கஞ்சி மாதிரி வந்தால் அழுகிவிட்டது. ஒன்றைப் பார்த்தால் போதும். தினம் ஒன்றாகத் தோண்டிப் பார்த்தால் வேர்முனை முறியும், பிழைக்க வேண்டியதும் போய்விடும்.

சூட்டுக்கு நல்ல வழி ஹீட் மேட். நாற்றுத் தட்டுக்கு என்றே 20 வாட் அளவில் ஒரு ரப்பர் விரிப்பு தோட்டக் கடைகளில் கிடைக்கும். அது மண்ணை அறையைவிட ஐந்து முதல் பத்து டிகிரி வரை ஏற்றும். எவ்வளவு ஏற்றுகிறது என்பது அறைக்கு அறை மாறுவதால், மண்ணில் செருகும் உணர்கம்பியோடு வரும் தெர்மோஸ்டாட்டும் (சூட்டை ஒரே அளவில் நிறுத்தும் கருவி) சேர்த்து வாங்குங்கள், 28இல் வையுங்கள். செலவு வேண்டாம் என்றால், சமையலறை வெப்பமானியை மண்ணுக்குள் ஒரு சென்டிமீட்டர் செருகிக்கொண்டு வீட்டில் சூடான இடத்தைத் தேடுங்கள். வைஃபை பெட்டி வைத்திருக்கும் அலமாரியின் மேல்தட்டு பல வீடுகளில் 26 வரை போகும். குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைக்கச் சொல்வார்கள். பழைய பெட்டிகளில் அது சரி, இப்போது வருபவற்றில் மேற்பகுதி அவ்வளவாகச் சுடுவதில்லை, அளந்து பார்த்த பிறகு வையுங்கள். ரேடியேட்டர் மேல் மட்டும் வேண்டாம். 40 டிகிரியைத் தொட்டால் விதை முளைக்காது, அதற்கு மேல் வெந்தே போகும். தட்டைத் தெளிவான பிளாஸ்டிக் மூடியால் மூடிவிட்டால் ஈரம் தங்கும், இரண்டு வேளை தெளிக்கும் வேலையும் நின்றுவிடும். ஆனால் முளைத்த ஆறும் அதே தட்டில் இருக்கின்றனவே. அவற்றைக் கத்தரிக்கோலால் குழியோடு வெட்டிப் பிரித்து வேறு தட்டுக்கு மாற்றுங்கள். இனி இரண்டு கூட்டத்துக்கும் இரண்டு விதமான கவனிப்பு.

விதையை ஊறவைக்கலாமா என்று கடைசியில் கேட்டிருந்தீர்கள். வெதுவெதுப்பான நீரில் ஒரு ராத்திரி ஊறவைத்தால் ஒன்றிரண்டு நாள் முந்தி வருகிறது என்பது என் அனுபவம், தீங்கு ஒன்றும் கிடையாது. விதைப் பரிசோதனைக் கூடங்களில் மிளகாய்க்குப் பொட்டாசியம் நைட்ரேட் நீர்த்த கரைசல் பயன்படுத்துவது முறையான வழக்கம், அதற்கு அடிப்படை உண்டு. சீமைச்சாமந்தி (கேமமைல்) தேநீரில் ஊறவை, ஹைட்ரஜன் பெராக்சைடில் ஊறவை என்று சொல்லப்படுபவற்றை அந்த வரிசையில் வைக்க மாட்டேன். பெராக்சைடு மேல்தோலில் இருக்கும் பூஞ்சையைக் கொஞ்சம் குறைக்கலாம், அவ்வளவுதான். சூடு சரியில்லை என்றால் எதில் ஊறவைத்தும் பயனில்லை.

இனி வெளிச்சம். உங்கள் விளக்குப் பெட்டியில் ‘200 வாட்டுக்கு இணை’ என்று பெரிய எழுத்தில் போட்டிருக்கிறது, கீழே சின்ன எழுத்தில் 24 வாட் என்று இருக்கிறது. அந்த 24தான் உண்மை. அதற்காக விளக்கு மோசம் என்று சொல்ல மாட்டேன். 50க்கு 25 சென்டிமீட்டர் தட்டு ஒன்றுக்கு, குழந்தை நாற்றுகளுக்கு, 24 வாட் வெள்ளை எல்இடி தாராளமாகப் போதும். இரண்டடி உயரத்தில் தொங்கவிட்டதுதான் பிழை. அந்த உயரத்தில் பாதிக்கு மேல் வெளிச்சம் சுவருக்கும் தரைக்கும் போய்விடுகிறது. நாற்றுக்கு எட்டுவதைவிடச் சன்னல் வழியே வருவது அதிகமாக இருப்பதால் அது அந்தப் பக்கம் சாய்கிறது. நம் கண் இதைக் காட்டிக்கொடுக்காது. கண்ணின் பாவை தானே விரிந்து சுருங்கிச் சமாளித்துக்கொள்வதால், செடிக்கு அரைப் பட்டினியான வெளிச்சம் நமக்குப் பளிச்சென்றுதான் தெரியும். அதனால் செல்பேசியில் ஒரு லக்ஸ் மானி (வெளிச்சத்தை அளப்பது) செயலியை இறக்கி, நாற்று நிற்கும் உயரத்தில் செல்பேசியை மல்லாக்க வைத்துப் பாருங்கள். இரண்டடியில் 3000, 4000 காட்டினால் அதுதான் நோய். முளைத்த வாரம் 10,000 முதல் 15,000 லக்ஸ் வேண்டும், நான்கைந்து இலை வந்த பிறகு 20,000க்கு மேல். விளக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கிக்கொண்டே வாருங்கள். உங்கள் விளக்குக்கு அநேகமாக ஒரு சாண் உயரத்தில், அதாவது 15 முதல் 20 சென்டிமீட்டரில், அந்த எண் கிடைக்கும். செல்பேசிக்குச் செல்பேசி எண் மாறும், அதைத் துல்லியமான அளவாக எடுக்க வேண்டாம். ஆனால் இரண்டு உயரங்களை ஒப்பிட அது போதும்.

ஒரு நாளைக்கு 16 மணி நேரம் எரியட்டும், எட்டு மணி நேரம் அணையட்டும். டைமர் ஒன்று வாங்கிவிடுங்கள், நினைவில் வைத்துப் போடுவது இரண்டு வாரத்துக்கு மேல் ஓடாது. மின்செலவு பற்றிக் கவலை இருந்தது உங்கள் எழுத்தில் தெரிந்தது. 24 வாட், 16 மணி நேரம் என்றால் மாதத்துக்கு 12 யூனிட்கூட வராது. ஊதா நிறத்தில் எரியும் விளக்குதான் செடிக்கு ஏற்றது என்ற பேச்சை விட்டுவிடுங்கள். வெள்ளை விளக்கில் செடிக்கு வேண்டிய சிவப்பும் நீலமும் இருக்கின்றன. அதோடு வெள்ளையில்தான் இலை வெளுப்பதும், அசுவினி ஏறுவதும் நம் கண்ணுக்குத் தெரியும். விளக்கு ரொம்ப நெருங்கிவிட்டால் செடியே சொல்லும். மேல் இலைகள் வெளுத்துப் படகு மாதிரி ஓரம் மேலே மடியும். அப்போது நாலு விரல் உயர்த்துங்கள்.

நீண்டுபோன ஆறையும் தேற்றலாம். வித்திலை (விதைக்குள்ளிருந்து முதலில் வரும் ஜோடி இலை) இரண்டும் விரிந்து, நடுவில் அடுத்து வரும் முதல் உண்மை இலை அரிசி அளவு தெரியும்போது, கொஞ்சம் ஆழமான கோப்பைக்கு மாற்றி, தண்டை வித்திலைக்கு ஒரு விரற்கடை கீழ்வரை மண்ணில் புதையுங்கள். தக்காளியானால் புதைத்த தண்டு முழுக்க வேர் விடும். மிளகாய் அந்த அளவுக்கு வேர் விடுவதில்லை. சிலர் நிறைய விடுகிறது என்கிறார்கள், நான் பிடுங்கிப் பார்த்த செடிகளில் கொஞ்சம்தான் இருந்தது. எப்படியானாலும் செடி நிமிர்ந்து நிற்கும், அதுவே இப்போது வேண்டியது. மண் குளிர்ந்து சொதசொதப்பாக இருக்கும்போது மட்டும் புதைக்காதீர்கள், தண்டு அழுகும். ஒரு சின்ன மின்விசிறியை எதிர்ச் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, இலை லேசாக நடுங்கும் அளவுக்குக் காற்று வரவிடுங்கள். காற்றில் அசைந்தால் தண்டு தடிக்கும், வயலில் நடப்பதும் அதுதான்.

ஹபனேரோ நாற்றின் தலையில் விதைத்தோல் தொப்பி மாதிரி மாட்டிக்கொண்டிருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். நகத்தால் கிள்ளி இழுக்காதீர்கள், வித்திலையும் சேர்ந்து வந்துவிடும். ஈரப் பஞ்சை அதன் மேல் அரை மணி நேரம் சாத்தி வையுங்கள், தோல் ஊறி இளகும். பெரும்பாலும் மறுநாள் தானே கழன்றுவிடும்.

தண்ணீர் விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே சொல்கிறேன், ஏனென்றால் நாற்றுகள் அதிகம் சாவது இதில்தான். இங்கே வந்த இரண்டாம் வருடம் நாற்பது நாற்று விட்டிருந்தேன். எல்லாம் இரண்டு வித்திலையோடு, பச்சைப் பசேலென்று. தொட்டிச் செடியில் மிச்சமிருந்த பழைய மண்ணைத்தான் நிரப்பியிருந்தேன், மூடியையும் கழற்றவில்லை. ஒரு ராத்திரி பார்த்துவிட்டுப் படுத்தேன், காலையில் முப்பதுக்கு மேல் சாய்ந்து கிடந்தன. இலை பச்சையாகவே இருந்தது. மண்மட்டத்தில் தண்டு மட்டும், நூலை இறுக்கிக் கட்டினது போலச் சூம்பிப்போயிருந்தது. நாற்றழுகல். பித்தியம், ரைசாக்டோனியா போன்ற மண்வாழ் கிருமிகள் செய்வது. வந்த பிறகு மருந்து எதுவும் அந்த நாற்றைத் திரும்பத் தராது, வராமல் தடுக்க மட்டுமே முடியும். மண்ணுக்குப் பதிலாகப் புது நாற்று ஊடகம் வாங்குங்கள், பீட்டும் (மக்கிய பாசி) பெர்லைட்டும் (பொரிந்த வெள்ளைக் கல்துகள்) கலந்தது, அல்லது தேங்காய் நார்க்கழிவு. முளைத்த அன்றே மூடியை எடுத்துவிடுங்கள். மேலிருந்து பீய்ச்சுவதை நிறுத்திவிட்டு, தட்டில் ஒரு விரற்கடை தண்ணீர் ஊற்றி இருபது நிமிடம் கீழிருந்து உறிஞ்சவிட்டு, மிச்சத்தைக் கொட்டுங்கள். அடுத்த தடவை எப்போது என்பதைக் கடிகாரம் சொல்லாது, கை சொல்லும். ஊறின குழியைத் தூக்கிப் பாருங்கள், அந்தக் கனம் நினைவிருக்கட்டும். பாதிக் கனமாகும்போது மறுபடி ஊற்றுங்கள். ஊரில் விதையை ட்ரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சைப் பொடியில் புரட்டி விதைப்போம், கிலோவுக்கு 4 கிராம் கணக்கு. அது நல்ல வழக்கம். ஆனால் வீட்டுக்குள் இருபது விதைக்குச் சுத்தமான ஊடகமும் காய்ச்சலும் பாய்ச்சலுமான நீரும் போதும். மேல்மண் இடையிடையே காய்ந்தால், மண்ணிலிருந்து கிளம்பிப் பறக்கும் அந்தச் சின்னக் கறுப்பு ஈக்களும் குறையும். அதன் புழு ஈர மண்ணில்தான் வளர்கிறது. பறப்பவற்றுக்கு மஞ்சள் ஒட்டு அட்டை வையுங்கள்.

உரம் இப்போது வேண்டாம். இரண்டு ஜோடி உண்மை இலை வந்த பிறகு, நீரில் கரையும் உரத்தைப் பெட்டியில் போட்டிருக்கும் அளவில் கால் பங்காகக் கரைத்து வாரம் ஒரு முறை கொடுத்தால் போதும். வீட்டில் புகைபிடிப்பவர் இருந்தால் சோப்பு போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் நாற்றைத் தொட வேண்டும். புகையிலைத் தேமல் வைரஸ் மிளகாயையும் பிடிக்கும், அதற்கு மருந்து கிடையாது.

முண்டு வற்றலிலிருந்து விதை எடுத்தது நல்ல யோசனை. வெயிலில் காய்ந்த முழு வற்றலில் விதை பெரும்பாலும் உயிரோடுதான் இருக்கும், எட்டில் ஐந்து வந்ததே சாட்சி. இயந்திரத்தில் அதிகச் சூட்டில் உலர்த்தியது, வறுத்தது என்றால் வராது. முண்டு என்றால் பெரும்பாலும் ராமநாதபுரம் வட்டாரத்து நாட்டு ரகம், 2023இல் புவிசார் குறியீடு கிடைத்தது. நாட்டு ரகமாக இருப்பதால் தாயைப் போலவே காய்க்க நல்ல வாய்ப்பு உண்டு. ஆனால் மிளகாய்ப் பூவில் தேனீ வழியாகக் கலப்பு நடக்கும். பக்கத்து வயலில் என்ன இருந்ததோ, ஒன்றிரண்டு செடி நீளக் காய் காய்த்தால் ஏமாற்றியதாக நினைக்க வேண்டாம். நீளக் குண்டூர் வற்றல் விதையில் இந்த நிச்சயம் இன்னும் குறைவு, அதில் வீரிய ஒட்டு ரகங்கள் நிறைய. ஊரிலிருந்து விதை கொண்டு வரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். எல்லையில் அறிவிக்காமல் எந்த விதையையும் கொண்டு வராதீர்கள். விதையோடு வரும் நோய் இங்கிருக்கும் விவசாயியைத்தான் அடிக்கும்.

நாள் கணக்கு இப்படி வைத்துக்கொள்ளுங்கள். டொராண்டோவில் மே நடுவில் உறைபனி பயம் அநேகமாகத் தீரும். ஆனால் மிளகாய்க்கு உறைபனி இல்லாதது மட்டும் போதாது, இரவு 12 டிகிரிக்குக் கீழே போகாமல் இருக்க வேண்டும். நான் விக்டோரியா தினம் (மே 25க்கு முந்தைய திங்கள்) கழித்து ஒரு வாரம் விட்டே தொட்டியை வெளியே நிரந்தரமாக வைப்பேன். அதற்கு முன் பத்து நாள் பழக்க வேண்டும்: முதல் நாள் நிழலில் ஒரு மணி நேரம், பிறகு காலை வெயில், பிறகு மெல்ல மெல்ல அதிகம். விளக்கடியில் வளர்ந்த இலை நேர் வெயிலில் ஒரே மதியத்தில் வெளுத்துக் காகிதமாகிவிடும். ஹபனேரோவும் ஜலோகியாவும் வெளியே போன பிறகு பழுக்க மூன்று முதல் நான்கு மாதம் கேட்கும், அக்டோபரில் குளிர் திரும்பிவிடும். அதனால் அந்த இரண்டையும் விதைக்க இந்த மாதக் கடைசிதான் நல்ல எல்லை. முண்டுக்கு மார்ச் நடுவரை நேரம் இருக்கிறது.

ஆகவே இன்று ராத்திரியே தட்டைக் கண்ணாடியிலிருந்து நகர்த்துங்கள், விளக்கை ஒரு சாணுக்கு இறக்குங்கள். நாளைக்கு மண்ணின் வெப்பத்தை விடியற்காலையில் ஒரு தடவை, மதியம் ஒரு தடவை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 28 டிகிரியில் மூன்று வாரம் விட்டும் ஏதாவது குழியில் அசைவில்லை என்றால், மார்ச் 15 வாக்கில் அந்தக் குழிகளில் மிச்சமிருக்கும் முண்டு விதையைப் போட்டுவிடுங்கள். அதற்குள் அந்த இரண்டு அளவையும், ஒரு சாண் உயரத்தில் செல்பேசி காட்டிய லக்ஸையும் எழுதுங்கள். நாற்றின் படத்தை மட்டும் வைத்து மண்ணின் சூட்டை என்னால் சொல்ல முடியாது, அந்த மூன்று எண்ணும் கிடைத்தால் அடுத்து என்ன செய்யலாம் என்று திட்டமாகச் சொல்கிறேன்.